ஒரே முகமூடி

போ என்று ஓர் ஊர்,
சியரா லியோனின் தெற்கில்.
நாம் விரட்டும்போது சொல்லும் சொல்.
அங்கே, மெண்டே மொழியில்,
'இது உனக்கு' என்ற பேச்சிலிருந்து
வந்த பெயராம்.
எது யாருக்கு என்று
பெயர்ப்பலகையில் எழுதியிருக்கவில்லை.

ஊரோரம் ஒரு தகரக் கொட்டகை.
வெல்டிங் வகுப்பு, மூன்று மாதம், கட்டணமில்லை.
யாரோ நன்கொடையாய்த் தந்த இயந்திரம் ஒன்று,
அதன் கையேடு எவருக்கும் தெரியாத மொழியில்.
படிக்க வந்தவர் பதினொரு பேர்.
கறுப்புக் கண்ணாடி பதித்த முகமூடி
ஒன்றே ஒன்று.

கரண்ட் வருவது நாளைக்கு இரண்டு மணி நேரம்.
பதினொன்றால் வகுத்துப் பாருங்கள்:
ஆளுக்குப் பத்து நிமிடம், கொஞ்சம் மிச்சம்.
அந்த மிச்சத்தில்தான்
கம்பி மாட்டுவது, வியர்வை துடைப்பது,
முகமூடி கைமாறுவது.

ஒருவர் பற்றவைக்கும்போது
பத்துப் பேர் முதுகு காட்டி நிற்க வேண்டும்.
பாடத்துக்கே முதுகு காட்டிப் படித்த வகுப்பு
வேறெங்காவது உண்டோ தெரியாது.

பாயிந்து கல்லோன் பதினோராவது.
விடியுமுன் மீன் வாங்கிப் புகையில் போட்டு,
கூடையைத் தங்கையிடம் ஒப்படைத்து
ஓடி வருவதற்குள் வரிசை நிரம்பிவிடும்.
பாதி நாள், அவள் முறை வரும்போது
கரண்ட் போயிருக்கும்.
மீதி நாள், முகமூடிக்குள்
பத்துப் பேரின் மூச்சு.

இரண்டாம் வாரம் ஒருநாள்
திரும்பிப் பார்த்துவிட்டாள்.
ஒரு நொடி. நீலம்.
அன்றிரவு இமைக்குள் மணல் அள்ளிக் கொட்டிய எரிச்சல்.
சுவரைத் தடவித் தடவித்
தண்ணீர் குடிக்கப் போனாள்.

அதன்பின் காதைத் தீட்டிக்கொண்டாள்.
கம்பி ஒட்டிக்கொண்டால் உறுமல்.
தூரம் கூடினால் தகரத்தில் தூறல் தெறிப்பதுபோல.
கை சரியாக நகரும்போது மட்டும்
எண்ணெயில் மீன் பொரிகிற சத்தம்,
அறாமல், ஒரே சீராக.
மீன் பொரிகிற சத்தத்தை அவளுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
முதுகு காட்டியபடியே குரல் கொடுப்பாள்:
"லான்சனா, கையைத் தாழ்த்து."
"அவசரப்படாதே, இன்னும் வேகவில்லை."
லான்சனா திட்டுவான்.
கையைத் தாழ்த்துவான்.

தேர்வுக்குத் தலைநகரிலிருந்து ஒருவர் வந்தார்.
நல்ல மனிதர், எல்லாருக்கும்
தண்ணீர்ப் பாக்கெட் வாங்கித் தந்தார்.
அவள் இணைத்த பட்டைகளைச்
சுத்தியலால் ஓங்கி அடித்தார்.
இரும்பு வளைந்தது, பற்று விடவில்லை.
பிறகு எழுத்துத் தேர்வு, ஆங்கிலத்தில்.
இந்தக் கம்பிக்கு எத்தனை ஆம்பியர்?
"வாயால் சொல்லலாமா?" என்று
கிரியோவில் கேட்டாள்.
சொன்னாள்: மீன், எண்ணெய், அடங்கிய தீ.
அவர் சிரிக்கவில்லை.
தாளை இரண்டு பக்கமும் புரட்டித் தேடினார்.
அந்தப் பதிலுக்கு அதில் கட்டம் இல்லை.

ஐந்து மதிப்பெண் குறைவு.
வகுப்பு இலவசம், மறுதேர்வுக்குக் கட்டணம்.

ஜூனில் சீட்டு அவள் பெயருக்கு விழுந்தது.
கட்டணம் கட்டுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.
கடைத்தெருவுக்குப் போய்
ஒரு முகமூடி வாங்கினாள்,
நெற்றியில் ஆணியால் தன் பெயரைக் கீறினாள்.

கொட்டகையில் அடுத்த அணி, பதினான்கு பேர்.
முதல் நாள் அவள் பற்றவைக்கவே இல்லை.
யாரோ ஒரு பையன் பற்றவைக்க
பக்கத்தில் குந்தி உட்கார்ந்து
பார்த்தாள்.
உருகிய இரும்பு
நகமளவு குளமாகி, விளிம்பு நடுங்க,
கம்பியின் பின்னாலேயே நகர்ந்து போயிற்று.
இவ்வளவு நாள் கேட்டது
இதைத்தானா என்று
சத்தமாகவே சொன்னாள்.

இப்போது அங்கே
ஒருவர் பற்றவைக்க ஒருவர் பார்க்கலாம்.
பார்க்க, தடவைக்கு இரண்டு லியோன்,
கடன் கிடையாது.
ஆம்பியர் அட்டவணையை எழுதிக் கொண்டுவருபவருக்கு
அன்று முழுக்க இனாம்.
காசில்லாதவரிடம் சொல்கிறாள்:
திரும்பி நில்.
காதை மட்டும் மூடிக்கொள்ளாதே.